துருக்கிப் படமும் ஒரு சின்னத் திருத்தமும்

உலகத்தில் யார் எந்த மொழியில் படம் எடுத்தாலும், அது காஞ்சிபுரத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் முழுமை அடைந்தது. எடுத்தவர்களுக்கு இது தெரியாது. அவர்கள் விளக்கை அணைத்து, கேமராவைத் துடைத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். மிச்ச வேலையை எங்கள் ஊரில் கரண்ட் மீட்டர் கணக்கெடுக்கும் ஒருவர் பார்த்துக்கொண்டார். ஊர் முழுக்க அவருக்குச் சப்டைட்டில் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவன் நான்.

மீட்டர் கணக்கெடுப்பது அரை நிமிஷ வேலை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வீட்டுக்குள் வந்து, எக்கி நின்று, டார்ச் அடித்து எண்ணைப் பார்த்து அட்டையில் எழுதிவிட்டுப் போக வேண்டியது. சப்டைட்டிலுக்கு அதற்கு அரை மணி நேரம் ஆகும். முந்தின வாரம் கொட்டகையில் பார்த்த படத்தை மீட்டர் பெட்டிக்குக் கீழே நின்றபடி சொல்வார். சண்டை வந்தால் டார்ச் சுழலும். கதாநாயகி அழுதால் டார்ச் வெளிச்சத்தைக் கையால் பொத்திக்கொள்வார். இடைவேளைக் கட்டம் வந்ததும் டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, "மீதி அடுத்த ரீடிங்குக்கும்மா" என்று செருப்பை மாட்டிக்கொள்வார்.

இரண்டு மாதம்! பிள்ளையார்பாளையத்தில் ஒரு அம்மாளிடம் கதாநாயகியைத் தண்டவாளத்தில் படுக்கவைத்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். அந்த அம்மாள் வெள்ளிக்கிழமை தவறாமல் காமாட்சி அம்மனுக்கு விளக்குப் போட்டாள். அடுத்த முறை வந்தவர், எந்தப் படத்தில் விட்டோம் என்பதை மறந்து வேறொரு படத்தின் பின்பாதியைச் சொல்லிவிட்டார். அதில் கதாநாயகி போலீஸ் இன்ஸ்பெக்டர். அம்மாள் கொஞ்சமும் கலங்கவில்லை. "அதான பார்த்தேன். ரயிலு இன்னா பண்ணிடும் அவள!" என்றாள்.

மற்ற ஊர்களில் கணக்கெடுக்கப் போனால் பாதி வீடு பூட்டிக் கிடக்கும் என்பார்கள். எங்கள் ஊரில் சப்டைட்டில் வரும் நாளில், வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனவர்கள்கூடத் தாலி கட்டி முடிந்ததும் பந்திக்கு நிற்காமல் திரும்பி வந்தார்கள்.

அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. கேட்பவர் உம் கொட்ட வேண்டும். உம் நின்றால் கதையும் நின்றுவிடும்.

"உம் வந்தாத்தான் சார் லைன்ல கரண்ட் இருக்குதுன்னு அர்த்தம்" என்பார். "இல்லாட்டி நான் சும்மா கம்பிய தடவிக்கினு நிக்கிறேன்."

என் மனைவி சினிமாக் கதை கேட்பது குடும்பத்துக்கு ஆகாது என்ற கொள்கை உடையவள். அதனால் சமையலறையிலிருந்து வெளியே வராமலேயே உம் கொட்டுவாள். காய் நறுக்கும் சத்தமும் உம்மும் மாறி மாறி வரும்.

நான் அப்போது கல்லூரியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். மீதி நேரத்தில் ஊருக்கு உலக சினிமா கற்பித்தேன். ஊர் கேட்கவில்லை, நானும் விடவில்லை. ஒரு திரைப்படச் சங்கம் வைத்து, அதற்குச் செயலாளராக என்னையே தேர்ந்தெடுத்துக்கொண்டேன். ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் எங்கள் உலகத் திரைப்பட விழா நடக்கும். ஆடியில் கல்யாணம் கிடையாது. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மண்டபம் சும்மா கிடக்கும். மணமக்கள் உட்காரும் மேடையில் வேட்டிகளைச் சேர்த்துத் தைத்துத் திரை கட்டுவோம். வேட்டியின் கரை திரைக்கு நடுவே ஓடும். ஐரோப்பாவின் எந்த அழகி வந்து நின்றாலும் கழுத்தில் ஒரு பச்சைக் கரை விழும். பார்க்க வந்தவர்கள் பாதிப் பேர் நெசவுக்காரர்கள். முதல் கால் மணி நேரம் கரையின் தரத்தைப் பற்றித்தான் பேசுவார்கள்.

ஒரு விழாவில் ஐரோப்பியப் படம் ஒன்று. ஒரு கிழவர் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறார். பார்த்துக்கொண்டே இருக்கிறார். படத்துக்கு முன்னால் நான் கொடுத்த விளக்கத்தாளில் 'இருப்பின் வெறுமை' என்று அச்சடித்திருந்தேன். சபை நெளிந்தது. அப்போது நாலாவது வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"பைப்புல தண்ணி வருதான்னு காத்துக்கினு இருக்காரு. அந்தப் பக்கம்தான் பைப்பு. சத்தம் வந்தா எழுந்திருப்பாரு."

சபை முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. எங்கள் ஊரில் அந்தக் காத்திருப்பு தெரியாதவர் கிடையாது. பத்து நிமிஷம் கழித்துக் கிழவர் எழுந்ததும் மண்டபமே கை தட்டியது. ஒருவர், "குடத்த எடுத்துக்கினு போய்யா!" என்று கத்தினார்.

எனக்கு எரிச்சல். "திரையில் இங்கிலீஷ் சப்டைட்டில் ஓடுகிறது. அது போதாதென்று நாலாவது வரிசையில் ஒரு சப்டைட்டில்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் காலை நான் பால் வாங்கப் போனபோது பால்காரரே அந்தப் பெயரைச் சொன்னார்.

அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். அவருடைய மகள் ரேவதி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. தாயில்லாத பெண். படித்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்திருந்தாள். முதல் வாரமே வகுப்பில் பிள்ளைகள் கரும்பலகையில் 'சப்டைட்டில் டீச்சர்' என்று எழுதி வைத்தார்கள். அன்றிலிருந்து அப்பாவிடம் பேச்சை அநேகமாக நிறுத்திவிட்டாள். இதை அவரே என் வீட்டு மீட்டருக்குக் கீழே நின்று சொன்னார். அன்றைக்குக் கதை எதுவும் சொல்லவில்லை.

"சோறு வெச்சிருக்கேன், தாப்பா போட்டுக்கோ. அவ்ளோதான் சார் ரேவதி பேச்சு. சின்னதுல அது கொட்டுற உம் மாதிரி இந்த ஒலகத்துலயே கெடையாது. தூக்கத்துலகூடக் கொட்டும். இப்ப நான் வாயத் தொறந்தாலே உள்ள போயிடுது."

நான், "சரியாகிவிடும்" என்றேன். பிறர் வீட்டுத் துக்கத்துக்கு நான் எப்போதும் கையில் வைத்திருக்கும் சொல் அது.

அந்த ஆண்டு விழாவுக்குச் சென்னையிலிருந்து ஒரு விமர்சகர் சிறப்பு விருந்தினராக வர ஒப்புக்கொண்டார். தாடியும் ஜோல்னாப் பையும் உள்ளவர். அவர்தான் அந்த வீடியோ கேசட்டை அனுப்பினார். துருக்கியில் பல வருஷங்களுக்கு முன்னால் எடுத்த விஞ்ஞானக் கற்பனைப் படம். 'கல்ட்' படம் என்றார். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். "மகா மோசமான படம் சார். ஆனால் உலகம் பூராவும் கூட்டமாக உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அதற்கென்றே பக்தர்கள் இருக்கிறார்கள்."

போட்டுப் பார்த்தேன். ராக்கெட் கயிற்றில் தொங்கியது. வேற்றுக் கிரகத்துப் பாலைவனத்தில் பின்னால் ஒரு லாரி போனது. இயந்திர மனிதன் நெய் டின்னை வெட்டி ஒட்டிச் செய்த உருவம்; கால் பக்கம் தகரம் போதாமல் நடிகரின் செருப்பும் கணுக்காலும் தெரிந்தன. துருக்கி மொழி. கீழே ஒரு எழுத்து இல்லை.

"சப்டைட்டில் இல்லையே" என்று தொலைபேசியில் சொன்னேன். சொன்னதும் எனக்கே அந்த யோசனை வந்தது. "ஆனால் எங்கள் ஊரில் ஒன்று இருக்கிறது."

இந்தப் படத்தை அந்த மனிதரை விட்டு மைக்கில், மனப்பூர்வமாக, விளக்கச் செய்வது. திரையில் ஒரு கோமாளித்தனம், பக்கத்தில் ஒரு கோமாளி. விருந்தினர் தொலைபேசியிலேயே சிரித்தார். நானும் சிரித்தேன். இதை எழுதும்போது நினைத்துப் பார்க்கிறேன்: அந்தச் சிரிப்பை நான் வெகுநேரம் சிரித்தேன்.

அவரிடம் போய்ச் சொன்னேன். "விழாவில் ஒரு முக்கியமான படம். நீங்கள்தான் விளக்க வேண்டும்."

"மைக்கு உண்டா சார்?"

"உண்டு."

"நோட்டீஸ்ல பேரு?"

"போடுகிறோம்."

போட்டோம். 'விளக்கம்: சப்டைட்டில்.' அவருடைய சொந்தப் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. நோட்டீஸைத் தடவிப் பார்த்துவிட்டு, "ரேவதி ஸ்கூலாண்ட ஒண்ணு ஒட்டுங்க சார். மைக்குல பேசி, ஜனம் உக்காந்து கேட்டாக்க, அதும் ஒரு தடவ உம் கொட்டிடும்" என்றார்.

அதன் பிறகு அவர் செய்த தயாரிப்பு ஊருக்குள் பெரிய பேச்சாக இருந்தது. கேசட்டை இரவல் வாங்கிக்கொண்டு போய், தேய்ந்து கிழியும் அளவுக்குப் பார்த்தார். தையல்கடை பாய்க்கு உருது தெரியும். துருக்கிக்காரனும் பாய்தானே என்ற கணக்கில் அவரைக் கூட்டிவந்து டி.வி.க்கு முன்னால் உட்கார வைத்தார். துனியா, துஷ்மன், தோஸ்த், இன்சான் என்று நாலு சொற்களைப் பாய் பிடித்துக் கொடுத்தார். உலகம், பகைவன், நண்பன், மனிதன்.

"அதுக்கு மேல வெளங்கல பா" என்று பாய் எழுந்துகொண்டார்.

"போதும் பாய். இதுக்கு மேல இன்னா வேணும் ஒரு கதைக்கு?"

ஞாயிற்றுக்கிழமை காலை. மண்டபம் நிறைந்திருந்தது. சப்டைட்டில் தேய்த்த சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு இட்டு, திரைக்குப் பக்கத்தில் மைக்குடன் நின்றார். கையில் டார்ச். பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில், யாராவது பார்த்தால் ஓடிவிடத் தயாராக, கதவோரம் ரேவதி. முன்வரிசையில் நானும் விருந்தினரும்.

ராக்கெட் இறங்கியது. கயிறு தெரிந்தது. மண்டபம் வெடித்தது. விருந்தினர் என் தொடையில் அடித்தார். சப்டைட்டில் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"கயிறு தெரியுதுன்னு சிரிக்கிறீங்க. தெரியட்டும்பா. எண்ணெ தீந்துபோன துனியா அது. கெணத்துல வாளி எறக்குற மாதிரிதான் ராக்கெட்ட எறக்கியாவணும். மேல யாரு கயிறு புடிச்சிக்கினு நிக்கிறது? உள்ள இருக்கிறவன் ஊரு ஜனம். கைய வுட்டாங்கன்னா போச்சு."

சிரிப்பு பாதியில் நின்றது. இரண்டொருவர் மேலே அண்ணாந்து பார்த்தார்கள்.

"யோவ் சப்டைட்டிலு, லாரி போவுதுய்யா!" என்று யாரோ கத்தினார்கள்.

"போவுது. நம்ம துனியாலேர்ந்து வந்த கடைசி லாரி. அவன் பாத்துக்கினே நிக்கிறான் பாரு. ஏறினா ஊருக்குப் பூடலாம். ஏறல. ஏன் ஏறல?"

"உம்" என்றது பெண்கள் பக்கம் முன்னால் ஒரு குரல். பிறகு இன்னொன்று. ஆண்கள் பக்கமும் சேர்ந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் அந்த மண்டபமே ஒரு தொண்டையாக உம் கொட்டியது. பத்து ஆண்டுகளாக அந்த மேடையில் நின்று நான் முன்னுரை நிகழ்த்தியிருக்கிறேன். எனக்கு இருமல்தான் பதிலாக வந்திருக்கிறது.

நெய் டின் மனிதன் வந்தான். செருப்பும் கணுக்காலும் தெரிய நடந்தான். மறுபடி சிரிப்பு, அதுவரை இல்லாத பெரிய சிரிப்பு.

"சிரிச்சிக்கோங்க" என்றார் சப்டைட்டில். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவன் இன்சான். மனுசன்பா. பொறக்கும்போது தகரமா பொறக்கல. அரமனைல வேலைக்குச் சேந்தான். வேல செய்யச் செய்ய ஒண்ணொண்ணா தகரமா பூடுச்சி. கையி தகரம். மூஞ்சி தகரம். காலு மட்டுந்தான் பாக்கி. அவனுக்கு ஒரு பொண்ணு. அதோ, ஜிகினா சட்ட போட்டுக்கினு நிக்குதே, அதான். அதுக்கு அவன அடையாளம் தெரியல. டின்னு, டப்பான்னு சிரிக்குது. அவன் வாயும் தகரம், பேச முடியல. அதனால காலக் காட்றான். இந்தக் கால பாரும்மா, இந்தக் காலு மேல நின்னுதான நீ நடக்கக் கத்துக்கின..."

டார்ச் வெளிச்சம் திரையில் அந்தக் கணுக்காலில் போய் நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை. அப்போது கதவுப் பக்கத்திலிருந்து, மெல்லியதாக, ஒரு உம் வந்தது.

சப்டைட்டில் டார்ச்சைத் தாழ்த்திக் கதவுப் பக்கம் பார்த்தார். அது யாருடைய உம் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அந்த வழியும் இல்லை.

விருந்தினர் என் காதில், "என்ன சார் இது, உபன்யாசமா? படத்தையே கெடுத்துட்டார். நிறுத்துங்க" என்றார். அவர் சொன்னதால் எழுந்தேன் என்று பல காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. அந்த நிசப்தம் எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு ஒரு நாளும் கிடைக்காத நிசப்தம், ஒரு மீட்டர்காரருக்கு.

மேடை ஏறி மைக்கை வாங்கினேன்.

"நண்பர்களே, ஒரு சின்னத் திருத்தம். இந்தப் படத்தில் தகப்பனும் இல்லை, மகளும் இல்லை. இது மலிவாக எடுக்கப்பட்ட ஒரு படம். உலகம் முழுவதும் இதைச் சிரிப்பதற்காகத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் இதுவரை கேட்டது நம் நண்பரின் சொந்தச் சரக்கு. தயவுசெய்து சிரிக்கவும்."

அதில் ஒரு சொல் பிழை கிடையாது. நான் பேராசிரியன்.

முதலில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு திரையில் அந்தச் செருப்புக் கால் தடுக்கியது. விருந்தினர் சிரித்தார். பின்னால் ஒருவர். அப்புறம் மண்டபமே சிரித்தது, முன்பு அடக்கிக்கொண்டதையும் சேர்த்து. திரையைப் பார்த்துச் சிரித்தவர்கள் பாதி. அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் மீதி.

சப்டைட்டில் என்னிடமிருந்து மைக்கைத் திரும்ப வாங்கினார். சண்டை போடப்போகிறார் என்று நினைத்தேன்.

"சார் படிச்சவரு. சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்பா" என்றார் சபையிடம். கிறீச்சிடாதபடி மைக்கைப் பக்குவமாக மேஜையில் படுக்கவைத்தார். டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். கதவோரத்திலிருந்து ரேவதி எழுந்ததைப் பார்த்தேன். அப்பாவின் தோளிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் வெயிலில் இறங்கிப் போனார்கள்.

விருந்தினர் பிறகு பத்திரிகையில் எங்கள் விழாவைப் பற்றி எழுதினார். காஞ்சிபுரத்தில் காப்பி நன்றாக இருந்தது என்று ஒரு வரி வந்திருந்தது.

அடுத்த ரீடிங்குக்கு அவர் வந்தார். எக்கி நின்றார், எண்ணைப் பார்த்தார், எழுதினார். அரை நிமிஷம்தான். சமையலறையிலிருந்து என் மனைவி, கொள்கையை விட்டுவிட்டு, கதவுக்கே வந்துவிட்டாள். "அந்தத் தகரக்காரன் என்ன ஆனான்? பொண்ணு கண்டுபிடிச்சாளா?"

"ரீடிங் எடுத்தாச்சும்மா."

செருப்பை மாட்டிக்கொண்டு போனார். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் கண்ணை மூடும்வரை எனக்குக் காப்பி ஆறித்தான் வந்தது.

அதன் பிறகு ஊரில் எந்த வீட்டிலும் அவர் கதை சொல்லவில்லை. கொட்டகையில் பக்கத்து சீட்டுக்காரர் வழக்கம்போல, "இன்னாண்ணா நடக்குது?" என்று கேட்டால், "படத்தப் பாருப்பா" என்பார். எங்கள் விழாவுக்கும் ஒரு முறை வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். யாரோ விளக்கம் கேட்டார்கள். "கீழ எழுதியிருக்குது, படிச்சிக்கோங்க" என்றார். அது எனக்குக் கேட்கும்படிதான் சொன்னார் என்று நினைக்கிறேன். அப்படி அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். வீடுகளில் மறுபடி பூட்டுத் தொங்க ஆரம்பித்தது.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு இரண்டு மாதமும் நினைத்தேன். அவர் ஓய்வு பெற்று மகளோடு ஓரிக்கைக்குக் குடி போனார். நான் இன்னும் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் தையல்கடை பாய்தான் சொன்னார், போய்ச் சேர்ந்துவிட்டார் என்று. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஓரிக்கைக்குப் போனேன்.

ரேவதி நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். தலையில் நரை விழுந்திருந்தது. சுவரில் மாலை போட்ட படம். அதன் கீழே அவர் பெயர் எழுதியிருந்தது. முதல்முறையாகப் படித்தேன். அதை இங்கே எழுத மாட்டேன். உயிரோடு இருந்தபோது கூப்பிடாத பெயரை இப்போது எடுத்து ஆள எனக்கு உரிமையில்லை.

"அன்னிக்கு நான் செய்தது..." என்று ஆரம்பித்தேன்.

"அப்பா உங்களப் பத்தித் தப்பா ஒரு வார்த்த சொன்னதில்ல சார்."

சொல்லியிருந்தால் தேவலை. பிறகு, கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டேன்.

"அந்தக் கதை, ரேவதி. அந்தப் பொண்ணு அப்பாவை அடையாளம் கண்டுபிடிச்சாளா?"

அவள் சிரித்தாள். அவர் சிரிப்பு அப்படியே இருந்தது. "அன்னிக்கு வூட்டுக்குப் போறப்பவே ஆரம்பிச்சிட்டாரு சார். நடந்தே போனோம். வூடு வந்தும் முடியல, வாசல்லயே நின்னுக்கினு சொன்னாரு. நான் உம் கொட்டிக்கினே இருந்தேன். அப்புறம் தெனமும் ஒரு கதை. கடைசி நாள் வரிக்கும்."

"முடிவு என்ன?"

சிரிப்பை வைத்துக்கொண்டே தலையை ஆட்டினாள். "உங்களுக்கு வேணாம் சார். நீங்க திருத்தம் சொல்லுவீங்க."

பேருந்து நிறுத்தம்வரை கூட வந்து ஏற்றிவிட்டாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்தப் படம் இப்போது இணையத்தில் கிடைக்கிறது. கீழே நல்ல இங்கிலீஷில் எல்லா வசனமும் ஓடுகிறது. உலகம் முழுவதிலிருந்தும் ஜனங்கள் சிரித்துக் குறிப்பு எழுதுகிறார்கள். மனைவி போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான். சில நாள் மத்தியானம் போட்டுப் பார்க்கிறேன். முடிவு மகா அபத்தம். எல்லோரும் வெடித்துப் போகிறார்கள். அதுவரை நான் போவதில்லை. செருப்புக் கால் தெரியும் இடத்தில் படத்தை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மீட்டர் பெட்டி இருக்கும் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன்.

உம்.